நகர்ந்து வந்த ஆலங்கட்டிகள்

போன பங்குனியில் நானும் என் மனைவி வள்ளியும் அவள் தம்பி செல்வமும் யாங்கூனிலிருந்து பகானுக்குக் காரில் போனோம். மெய்த்திலா ஊரைத் தாண்டியதும் பனையும் புழுதியுமான வறண்ட பூமி. திடீரென்று வானம் இருண்டு ஆலங்கட்டி மழை கொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாலை வெள்ளையானது. முன்கண்ணாடியில் விரிசல் ஓடியது.

அருகில் ஒரு பாலம். கீழே மணல் மட்டுமே கிடந்த காட்டாறு. கோடையில் வண்டிகள் அதற்குள் இறங்கிப் போவது அங்கே வழக்கம்.

"பாலத்தடிக்கு எறக்கு செல்வம், கண்ணாடி தப்பும்" என்றேன்.

"தண்ணி வந்துட்டா, மச்சான்?"

"சித்திரப் பொறப்புல வர்ற திஞ்ஜான் தண்ணித் திருநாளுக்கு முன்னாடி இந்த ஆத்துல தண்ணி வந்ததா எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல."

"அந்தப் புஸ்தகத்த ஆறு படிச்சிருக்குமா?" என்று சிரித்தபடியே இறக்கினான்.

வள்ளி யாங்கூனிலேயே பிறந்தவள். வானத்திலிருந்து ஐஸ் விழுந்து பார்த்ததில்லை. டிபன் மூடியில் பொறுக்கி வர இறங்கியவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னாங்க... கட்டியெல்லாம் நகருது!"

மணல்மேல் கிடந்த ஆலங்கட்டிகள் மொத்தமாக எங்களை நோக்கி வந்தன. அவற்றின் அடியில் தண்ணீர். செல்வம் வண்டியைக் கிளப்பினான். சக்கரம் மணலுக்குள் புதைந்தது.

"கார விடுடா, மேல ஏறு!" என்று கத்தினேன்.

மூவரும் கைகோத்துக் கரையேறித் திரும்பியபோது, செந்நிற வெள்ளம் காரைப் பாலத்தூணில் மோதிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி தப்பிச்சுதா, மச்சான்?" என்றான் செல்வம்.

இப்போதும் மாதம் பார்த்துத்தான் பயணம் கிளம்புகிறேன். ஆனால் மழைக்கு ஒதுங்க மேட்டைத் தேடுகிறேன். கண்ணாடி உடைந்தால் உடையட்டும்.