பீரோவுக்குள் ஒரு காட்டுப் பாதை

எங்கள் வீட்டு மாடியில் காலண்டருக்கு டின் அடிப்போம். அச்சாகி வரும் படத்தின் தலையில் தகரப் பட்டையை வைத்து மெஷினில் ஒரு மிதி, அவ்வளவுதான் வேலை. சிவகாசியில் வாழ்க்கைப்பட்டு வந்த மறு மாசமே எனக்கு அது கைவந்துவிட்டது. சாமி படம், பள்ளிவாசல் படம், மாதா படம் எல்லாம் என் கை வழியாகத்தான் ஊர் ஊராகப் போயின. நான் போனது பெருநாளுக்கு விருதுநகரில் உம்மா வீட்டுக்கு. கல்யாணம் என்றால் மண்டபத்துக்கு.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, ஒரு ஆர்டரில் இயற்கைக் காட்சி வந்தது. அடர்ந்த காடு, நடுவே ஒற்றையடிப் பாதை. ஏற்றத்தில் கட்டை வெட்டிப் படி போட்டிருந்தார்கள். விழுந்து கிடந்த ஒரு மரத்தைச் சுற்றிப் பாதை வளைந்து, இறங்கி, கடலில் முடிந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கூட்டுக் குடும்பத்தில் ஆளில்லாத இடம் என்றால் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு தாளை எடுத்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். சேலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவேன். சூரியன் கடலுக்கு மேலே நிற்க, மரங்களின் நிழல் எதிர்ப்பக்கம் விழாமல் கடலைப் பார்த்தே விழுந்திருந்தது. வெளிநாட்டில் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். அம்புட்டுக் கெட்டிக்காரி நான்.

அங்கே போக வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எதையும் மறுக்கிற மனிதர் இல்லை அவர், அதுதான் கஷ்டமே.

"ஊர் பேரச் சொல்லு புள்ள, நாளைக்கே போவோம்" என்றார்.

அந்த வாக்கை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். லோடு கொண்டுவரும் வேன்காரரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. கொழுந்தனார் ஊட்டி என்றார். ஊட்டிக்குக் கடல் வந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. மாமி, "அங்கன போயி என்னத்தச் செய்யப் போற?" என்று கேட்டார். நடப்பேன் என்றேன்.

"இங்கன நடக்குறது பத்தலையாக்கும்."

அடுப்படிக்கும் மாடிக்கும் நான் நடக்கிற நடை அவருக்குத் தெரியாததில்லை. இப்படியே சில சீசன் போயிற்று. தீபாவளிக்கு முன்னால் பிடிக்கிற வேலை பொங்கல் கழிந்துதான் ஓயும். ஓய்ந்த கையோடு அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரிப் பட ஆல்பம் வந்து இறங்கும்.

ஒருநாள் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் அமைப்பவர் மாதிரித் தாளோடு வீட்டுக்கு வந்தார். இவரை விட்டால் வேறு ஆளில்லை என்று, பீரோவில் இருந்த படத்தை உரித்து எடுத்து வந்து நீட்டினேன்.

"இது எந்த ஊருண்ணே?"

பார்த்ததும் சிரித்தார். "நம்ம வேலைதாம்மா. காடு ஒரு படம், கடல் ஒரு படம். காட்டுக்குப் பின்னால வெறிச்சுன்னு கெடந்துச்சு, கடல எடுத்து ஒட்டிவிட்டேன். நல்லாத்தான இருக்கு?"

நல்லா இருக்குண்ணே என்றேன். அடுப்படிக்குள் போய் அழுதேன். இல்லாத பாதைக்கு இத்தனை வருஷம் வழி கேட்டிருக்கிறோமே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுது ஓய்ந்த பிறகு ஒன்று தோன்றியது. அவர் ஒட்டியதை நான் பிரித்துவிட்டால் என்ன?

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "ஊர் பேரு தெரிஞ்சுபோச்சு. காட்டுக்கு ராஜபாளையம் மலையடிவாரம், கடலுக்குத் தூத்துக்குடி. ரெண்டுக்கும் நம்ம பஸ் ஸ்டாண்டுலயே பஸ் ஏறலாம். நாளைக்கே போவோம்னு சொன்னீகள்ல?"

அவர் பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தார். கோபம் இல்லை. வசமாக மாட்டிக்கொண்டவரின் முகம்தான் அது. தன் காலண்டர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அவரும் வேறு பாதை எதையும் பார்த்தவர் இல்லை.

"சீசன் முடியட்டும் புள்ள" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

ஊர் பேர் தெரியாததால்தான் போக முடியவில்லை என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது என்பது, அது போன பிறகுதான் தெரிந்தது. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.