நான்காம் தடவை

நெனிதா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அன்னாசி நாரில் நெய்த கல்யாணச் சட்டை. சூடு கொஞ்சம் கூடினாலும் பொசுங்கிவிடும். மேலே மெல்லிய துணியை விரித்து, பெட்டியை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். வலது மணிக்கட்டை இடது கை பிடித்திருந்தது. போன வருஷம் அப்படிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எதிரே பெஞ்சில் டெல்ஃபினா உட்கார்ந்திருந்தாள். கேமரா கொண்டுவரவில்லை. அவர்கள் ஊரான மரிக்கினாவில் அவளைக் கல்யாண வீடியோக்காரி என்றுதான் தெரியும். அந்த வருமானத்தில் சொந்தமாகப் படம் எடுப்பது சிலருக்கே தெரியும். அவள் படங்களில் யாரும் பேட்டி கொடுப்பதில்லை, பின்னணிக் குரலும் கிடையாது. ஒருவர் தினமும் செய்யும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வாள். முதல் தடவை கேமராவுக்காகச் செய்வார்கள், மூன்றாவதில் அலுத்துப்போவார்கள், நாலாவதில்தான் உள்ளே இருக்கும் ஆள் வெளியே வருவார் என்பது அவள் கணக்கு.

போன மார்ச்சில் நெனிதாவை எடுத்தபோது, வாசல் குழாய்த் தண்ணீரில் வெயில் அழகாக விழுந்துகொண்டிருந்தது. இஸ்திரி முடித்த கையோடு அங்கே போய்க் கை கழுவச் சொன்னாள்.

"இஸ்திரி போட்ட கையைத் தண்ணில வைக்கமாட்டேனே," என்று சிரித்தாள் நெனிதா. "காலையில எழுந்துதான். உங்கம்மா சொல்லித் தரலியா?"

"ஒரே ஒரு தடவைதான்க்கா."

அம்மா சொல்லித்தான் இருந்தாள். சூடேறிய கையில் தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டு நடுக்கம் வரும் என்பது அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் டெல்ஃபினா நாலு தடவை கழுவ வைத்தாள். நாலாவதில் விரல்கள் லேசாக நடுங்கின. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேமராவை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். செபூ நகரில் ஒரு திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது அந்தக் காட்சிக்குத்தான். மேடையில் ஏறி, நிஜத்தை அப்படியே எடுப்பதுதான் தன் வழி என்று வேறு பேசிவிட்டு வந்தாள்.

இப்போது வருகிற சனிக்கிழமை சர்ச் கூடத்தில் தெருவுக்கே அதைப் போட்டுக் காட்டப்போகிறார்கள்.

"படத்துல உங்க கை நடுங்குதுக்கா. பெருசா தெரியும்."

"எவ்வளவு பெருசா?"

"திரை முழுக்க."

நெனிதா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப துணி குடுக்கறவங்க அத்தனை பேரும் பாப்பாங்க. அப்புறம் கல்யாணச் சட்டைய எவ நம்பிக் குடுப்பா? கைக்குட்டைதான் வரும்."

"வெட்டிடறேன்க்கா."

"செபூல பாத்தவங்க கண்ணுலேருந்தும் வெட்டிடுவியா?" அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் டெல்ஃபினாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"தண்ணியால நடுக்கம் வராதுன்னு டாக்டருங்க சொல்றாங்க," என்றாள். வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. வாயைவிட்டு வந்ததும் கேவலமாக இருந்தது.

"எனக்கும் அதத்தான் சொன்னாரு. வயசாம்." நெனிதா சட்டையை ஹேங்கரில் மாட்டி, காலரை விரலால் நீவினாள். "இருக்கட்டும். உன் வீட்ல நீ இஸ்திரி போட்டா, அன்னைக்குக் கை கழுவுவியா?"

 செபூ விழாவுக்கு உடுத்திப்போன கவுனை டெல்ஃபினாவேதான் தேய்த்தாள். மறுநாள் காலைவரை கையை நனைக்கவில்லை.

"அக்கா, நான் வந்து..."

நெனிதா சட்டை தரையில் படாமல் உயர்த்திப் பிடித்து, செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் சட்டையைக் கொடுத்துவிட்டு வர வெளியே போனாள்.