கைது செய்தவரிடம் சாட்சி கேட்டேன்

சங்கரன்கோவில் நீதிமன்றத்துக்கு எதிரே இருபது வருடமாக மனு தட்டச்சு செய்கிறேன். ஜாமீன் மனு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அப்படிப்பட்ட நானே ஏமாறப் பார்த்தேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் வீட்டில் தனியாக இருந்தேன். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். என் ஆதாரை வைத்துப் போதைப்பொருள் பார்சல் போயிருக்கிறதாம். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கதவைப் பூட்டுங்க, யார்கிட்டயும் பேசக் கூடாது" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூட்டினேன். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அழக்கூடச் செய்தேன்.

பிறகு கைதுக் குறிப்பு என்று ஒரு தாளைப் போனில் அனுப்பி, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னார். அதைப் பார்த்ததும்தான் என் தொழில் புத்தி விழித்தது. குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போடும் இடமே அதில் இல்லை. 'கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து இல்லை' என்று எத்தனை ஜாமீன் மனுவில் நான் அடித்த வரி அது!

"சார், சாட்சி யாரு? எங்க வீட்டுக்காரர் புளியங்குடிக்கு எலுமிச்சை விக்கப் போயிருக்காவ. அங்கன போயி அவுககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாரும். பொம்பளையக் கைது பண்ண பொம்பளைப் போலீஸ் எங்கய்யா?"

"மேடம், ஓவராப் பேசாதீங்க" என்றவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார். என்னைக் கைது செய்தவர் என்னிடமிருந்து தப்பி ஓடிவிட்டார்!

கதவைத் திறந்து, உடனே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் மனு அடித்ததும் கட்சிக்காரரை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். இத்தனை வருடம் என் விரலுக்கு மட்டும்தானே சட்டம் தெரிந்திருந்தது!