பம்பரில் ஏழு பொட்டு

என் கார் வெள்ளை. முன் பம்பரும் கதவோரப் பட்டைகளும் மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக். வாங்கும்போது நல்ல கறுப்புதான். வருடக்கணக்காக வெயிலில் நின்று அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. பம்பரின் இடது மூலையில் ஈப்போ சந்தைத் தூணோடு உரசிய கீறல் வேறு. ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போய் வர ஓடினால் போதும் என்று நான் அதையெல்லாம் பார்ப்பதே இல்லை.

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் முடிவானபோதுதான் அந்தச் சாம்பல் கண்ணில் பட்டது. சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து கோயில் மண்டபத்துக்குப் பெண்ணைக் காரில் அழைத்துப் போக வேண்டும். "மாமா காடியிலதான் போவேன்" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். பள்ளி விடுமுறைக்கு அதே காரில்தான் எங்கள் வீட்டுக்கு வருவாள். பின் இருக்கையில் அவள் ஒட்டிய பூப்படம் இன்னும் இருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. தங்கச்சியின் வீட்டுக்காரர், என் மச்சான், வாசலுக்குப் போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க லா. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க கேமராவோட நிப்பாங்க. ஞாயித்துக்கெழம கல்யாணம்னா, முந்தின வெள்ளிக்கிழம சாயங்காலம் பூ வாங்க ஈப்போவுக்கு வாரேன், உங்க வீட்டுக்கும் வந்து பாக்குறேன். நல்லா இருந்தா உங்க காடி. இல்லன்னா வாடகைக் காடிதான்."

சரி என்று தலையாட்டினேன்.

பட்டறையில் சாயம் அடிக்கக் கேட்டேன். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சின்ன வயதில் தோட்டத்தில் எங்கள் வீட்டில் தலைக்கும் தேங்காய் எண்ணெய், சைக்கிள் சங்கிலிக்கும் தேங்காய் எண்ணெய். அதையே பம்பருக்கும் தேய்த்தேன். புதுசு மாதிரி மின்னியது. மறுநாள் லாரிகள் போகும் சாலையில் வேலைக்குப் போய் வந்ததும், பொரிப்பதற்கு மாவில் புரட்டிய வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு சாமான் கடைக்குப் போனேன். மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை பெயின்ட் டின்களைப் பார்ப்பது போல நின்றுவிட்டு, சீனக் கடைக்காரரிடம் கைப்பேசியில் பம்பர் படத்தைக் காட்டினேன். அவர் முரடும் நைசுமாக இரண்டு சேண்ட் பேப்பர், ஒட்டும் தாள், ஒரு ஸ்ப்ரே டின் எடுத்து வைத்தார். ரொம்பப் பளபளக்கிற கறுப்பைக் கேட்டேன். அது பிளாஸ்டிக்குக்கு ஒட்டவைத்த மாதிரித் தெரியும் என்று மங்கலானதைக் கொடுத்தார். டின்னில் பொடி எழுத்து. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவனுக்கு அது பிடிபடவில்லை. அவரே இரண்டு விரலைக் காட்டி, அடித்தபின் இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது என்று மலாயில் சொன்னார்.

கல்யாண வாரம் புதன்கிழமை எண்ணெய் போகப் பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு தடவை கழுவினேன். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. விரிந்து ஓடினால் போய்விட்டது. அப்புறம் கீறலை முதலில் முரட்டுத் தாளாலும் பிறகு தண்ணீர் தொட்டு நைஸ் தாளாலும் தேய்த்தேன். வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும் வெள்ளைப் பக்கத்தையெல்லாம் பழைய பேப்பரால் மூடி ஒட்டினேன். கையை நிறுத்தாமல் மெல்லிசாக ஒரு பூச்சு, காய விட்டு இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. ஒட்டுத்தாளை உரித்தபோது கறுப்பும் வெள்ளையும் கோடு கிழித்த மாதிரிப் பிரிந்து நின்றன. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீறல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காரைத் தொடாமல் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பம்பரில் வரிசையாக ஏழு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

வெள்ளிதோறும் சாமி விளக்கு ஏற்றியதும் காருக்குப் பொட்டு வைப்பது என் மனைவியின் வழக்கம். எப்போதும் மூன்றுதான் வைப்பாள். அன்றைக்குப் புதுக் கறுப்பைப் பார்த்த சந்தோஷத்தில் ஏழு வைத்துவிட்டாள், அழுத்தி. இரண்டு நாள் கணக்கை நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஈரத்துணியால் ஒன்றைத் துடைத்தேன். சந்தனம் போனது, அவள் விரல் நுனி ரேகையோடு பள்ளமாக நின்றது.

"என்னங்க, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. என் தப்புதான் என்றேன். மச்சான் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. திரும்பத் தேய்த்து அடிக்க நேரம் இல்லை. அவள் உள்ளே போய்ச் சந்தனத்தைக் குழைத்து வந்து, அந்தப் பள்ளத்திலேயே விரலை வைத்து மறுபடி பொட்டு வைத்தாள்.

மச்சான் பூக்கூடைகளோடு வந்து இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். கதவோரப் பட்டையைக் குனிந்து பார்த்தார், தலையாட்டினார். பம்பருக்கு முன் வந்ததும், கோயிலில் செய்கிற பழக்கத்தில் நடுப் பொட்டை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அப்புறம் குனிந்து தொட்ட இடத்தையே பார்த்தார்.

"இது யாரு வெரலு?"

"என்னோடதுதாண்ணே" என்றாள் என் மனைவி. "பெயின்ட் காயல, எனக்குத் தெரியல."

மச்சான் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். வாடகைக் காருக்குப் பேசத்தான் என்று நினைத்தேன். என் வாயிலிருந்து எப்படியோ வந்தது.

"மச்சான், புள்ளய நான்தான் கூட்டிட்டுப் போவேன். இதே காடியில."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியது கிடையாது. கைப்பேசியை உயர்த்திப் பம்பரைப் படம் எடுத்தார்.

"வாயத் தொறந்து கேட்டுட்டீங்கல்ல, அப்புறம் என்ன? இத மகளுக்கு அனுப்புறேன், சிரிக்கட்டும்." என் மனைவி பக்கம் திரும்பினார். "ஆனா தங்கச்சி, ஞாயித்துக்கெழம காலைலயும் பொட்டு வெச்சிடு லா. எட்டாவது வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகளை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் இறங்கியதும் அவள் முதலில் பம்பருக்குப் போய், பட்டுப்புடவையோடு குனிந்து ஏழையும் எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். கேமராக்காரர் அதைத்தான் முதல் படமாக எடுத்தார்.

டின்னில் இன்னும் பாதி இருக்கிறது. தேய்த்து மறுபடி அடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை வந்தால் என் மனைவி பார்க்காமலே விரலை வைக்கிறாள், சரியாகப் பள்ளத்தில் உட்கார்கிறது. அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.