பத்து நிமிடம் பேசினார், நான் ஒரு வரி சொன்னேன்

புஷ்பம் வீட்டில் சீனிப் போத்தலுக்கு மூடி கிடையாது.

மிளகாய்த்தூள் போத்தலுக்கும் கிடையாது. மல்லி, கடுகு, தேயிலை — எல்லாவற்றின் வாயிலும் ஒரு துண்டு பொலித்தீன், அதைச் சுற்றி ஒரு ரப்பர் பாண்ட். பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் அவருடைய வீடு. போன ஞாயிறு பூசை முடிந்ததும் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அவர் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் அலுவலகத்துக்கு, போகவேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்கமுடியாது. பொலிஸ்காரருடன் பேச நான் வேண்டும். அதற்குத்தான் தேநீர்.

அவருக்கு இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. ரப்பர் பாண்டைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். நான் உதவ எழும்பவில்லை. உதவப் போனால் கோபம் வரும்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை டொத்தோரேயைக் கண்டனான்" என்றார்.

டொத்தோரே என்பவர் மொண்டெல்லோவில் புஷ்பம் முன்பு வேலை செய்த வீட்டுக்காரர். வைத்தியர் அல்ல, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். இங்கே படித்தவர்கள் எல்லோரும் டொத்தோரேதான். அந்த மூன்று விரல்களும் போனது அவருடைய வீட்டில்.

"கீழை மீன்காரனடியிலை நிண்டவர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பாத்தனான். ஓடிவந்து மறிச்சுப்போட்டார். என்ரை கையைப் பாத்துப்போட்டு அழுகிறார் அண்ணை, அத்தனை சனத்துக்கு முன்னாலை! 'நான் சொன்னனான், எல்லாம் சொன்னனான்' எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறார். முந்தியெண்டால் எனக்கு ஒண்டும் விளங்கியிராது. இப்ப கொஞ்சம் இத்தாலியன் விளங்கும்தானே?"

சீனியைப் போட்டுக் கலக்கினார். கோப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு கேட்டார்:

"அவர் என்னத்தை அண்ணை சொன்னவர்?"

வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் எத்தனை பேரைக் கிழித்திருக்கிறேன்... பின்னேரம் நாலு மணிக்கு விடவேண்டிய ஆளை ஆறு மணிக்கு விடும் வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்கள், மேடையைக் கண்டால் இறங்காத நம்மூர்த் தலைவர்கள், எல்லோரையும். "நல்லாக் குடுத்தீங்கள்" என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள். இந்த வாரம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் முறை.

பலெர்மோவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. இத்தாலியன் தெரிந்த மனிதன்! குவெஸ்தூராவா, டொக்டரிடமா, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டமா — கூப்பிடு அண்ணையை. நானும் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவேன். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் நாங்கள் எப்படி மொழிபெயர்ப்போம் என்று தெரியுமா? சிஞ்ஞோரா கால் மணி நேரம் பேசுவா. நாங்கள் திரும்பி, "வடிவா வேலை செய்யட்டாம்" என்போம். நம்மாள், "முதுகு முறியுது, ஜன்னல் துடைக்க ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்பார். நாங்கள் சிஞ்ஞோராவிடம், "உங்கள் வீட்டில் வேலை செய்வது அவவுக்கு மிகவும் சந்தோஷமாம்" என்போம். இரண்டு பக்கமும் சிரிக்கும். வேலை நிலைக்கும். சுருக்குவதை ஒரு கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

புஷ்பத்துக்கு டொத்தோரே வீட்டு வேலையைப் பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். மன்னாரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆமென்பதற்குச் 'சீ', இல்லையென்பதற்கு 'நோ', இவை தவிர ஒரு சொல் தெரியாது. முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். டொத்தோரே வீடு முழுவதையும் காட்டிவிட்டு, கடைசியாகச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் திறந்தார்.

மனிதர் வேட்டைக்காரர். செப்டெம்பர் வந்தால் முயலுக்கும் காடைக்கும் கிளம்பிவிடுவார். சுட்டு முடிந்த வெறும் தோட்டாக்களை எறியாமல் சேர்த்துக்கொண்டு வந்து, அந்த அறையில் உட்கார்ந்து மறுபடி நிரப்புவார். மேசையில் ஒரு கைப்பிடி மெஷின். ஒரு பக்கம் ஈயக் குண்டு, இன்னொரு பக்கம் வெடிமருந்து. அலுமாரியில் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள்.

அதில் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு தட்டு, தட்டில் குழி குழியாக, குழிக்கு ஒன்றாகச் சட்டைப் பொத்தான் அளவில் மஞ்சள் உலோகக் குப்பிகள். பிரைமர் என்பது அதுதான். தோட்டாவின் அடியில் இருப்பது. துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால் பொறி பறக்கும், அந்தப் பொறியில் மருந்து பற்றும். பிள்ளைகள் விளையாட்டுத் துவக்கில் போட்டு வெடிக்கும் கேப் இருக்கிறதல்லவா, அதற்குப் பெரியப்பா.

டொத்தோரே பேசத் தொடங்கினார். மருந்துக்கடைக்காரர் அல்லவா? ஒவ்வொன்றாக, விரல் விட்டு எண்ணி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். இதை ஒருபோதும் தட்டிலிருந்து எடுத்து வேறொன்றில் கொட்டக்கூடாது. போத்தலில் கூடவே கூடாது. தனித்தனியாக இருக்கும்வரை ஒன்று வெடித்தால் ஒன்றோடு போகும். குவியலாகக் கிடந்தால் ஒன்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். ஒன்றோடொன்று உரசினால் உள்ளே இருக்கும் மருந்து தூளாகக் கொட்டும், அந்தத் தூளும் வெடிக்கும். நிலத்தில் விழுந்தால் கையால் பொறுக்கவேண்டும், வாக்யூம் கிளீனரால் இழுக்கக்கூடாது. நைலோன் உடுப்போடு தொடக்கூடாது, உடம்பில் ஏறும் மின்சாரமே ஒரு பொறிக்குப் போதும். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. நிரப்பும்போது அவரே கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வாராம், தேவையான ஒரு தட்டை மட்டும்தான் வெளியே எடுப்பாராம். அந்த அறையில் எதைத் தொட்டாலும் கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது — ஈயம், நஞ்சு.

பார்த்தீர்களா, ஒரு சொல் மறக்கவில்லை. அதுதான் கொடுமை.

பத்து நிமிடம் இருக்கும். எனக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில் மத்தியான வேலை, ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவவேண்டும். பஸ் வரும் நேரம். புஷ்பம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் அண்ணை?"

"இந்த அறை கவனமாம். எல்லாம் ஒழுங்கா இருக்கவேணுமாம்" என்றேன்.

"அவ்வளவுதானே? ஓம், அது நான் பாப்பன்."

டொத்தோரே என்னிடம், "எல்லாம் சொன்னாயா?" என்றார். "சீ, தூத்தோ" என்றேன். எல்லாம்! ஓடிப்போய் பஸ்ஸையும் பிடித்துவிட்டேன்.

பஸ் மட்டும்தான் காரணமா? இல்லை. 'வெடிக்கும்' என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் புஷ்பம் அந்த வாசலைக்கூட மிதித்திருக்கமாட்டார். ஷெல்லடிக்குப் பயந்து கடல் கடந்து வந்த மனுசி. அந்த நிமிடமே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ அண்ணை போவம்" என்றிருப்பார். நான் பிடித்துக்கொடுத்த வேலை, என் பெயர், என் மரியாதை... இதையும் அந்த அரை நிமிடத்தில் யோசித்தேன்.

மூன்று கிழமை போயிற்று. அன்று காலை டொத்தோரே மிச்சத்தை எண்ணவென்று தட்டுகளை மேசையில் பரப்பிவிட்டு, தொலைபேசி அடிக்கிறதென்று முன்னறைக்குப் போயிருக்கிறார். பாதி வெறுமையான தட்டுகள் நாலைந்து. அங்கே நாலு, இங்கே பத்து. புஷ்பம் துடைக்க வந்தார். ஒழுங்கா இருக்கவேணுமாம் என்று நான் சொன்னது நினைவில் இருந்திருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு போத்தல் வெறுமையானால் குப்பைக்குப் போகுமா? கழுவி, வெயிலில் காயவைத்து, எடுத்து வைத்துவிடுவோம். பலெர்மோவில் தமிழ் வீட்டுச் சமையலறை முழுக்க இத்தாலியன் போத்தல்கள்: ஒலிவ் போத்தலில் சீரகம், கோப்பிப் போத்தலில் பருப்பு. சின்னச் சாமான் எதுவும் சிதறிக் கிடந்தால் நமக்குக் கை சும்மா இராது. டொத்தோரே வீட்டில் முடிந்துபோன ஜாம் போத்தல் ஒன்றைப் புஷ்பம் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். எல்லாத் தட்டுகளையும் அதற்குள் கவிழ்த்தார். போத்தலின் அடி மறைந்தது. வெறும் தட்டுகளை அழகாக அடுக்கினார். போத்தலை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒருமுறை குலுக்கி மட்டப்படுத்தி, மூடியை இறுக்கித் திருகினார்.

மூடியின் புரியில் தூள் ஒட்டியிருந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் டொத்தோரே நின்றார். அவரே காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், சட்டை முழுக்க இரத்தம். என்னைக் கண்டதும் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர், கையில் தாள்.

"இந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை செய்யப்பட்டதா?"

டொத்தோரே என் வாயைப் பார்த்தார். இப்போது சொல்லடா என்று உள்ளே ஒன்று கத்தியது. சொன்னால் என் பெர்மெஸ்ஸோவுக்கு என்ன ஆகும்? ஊர் என்ன சொல்லும்? நாளைக்கு யார் என்னைக் கூப்பிடுவார்கள்?

"சீ" என்றேன். "எல்லாம் சொல்லப்பட்டது." கையெழுத்தும் வைத்தேன்.

அந்தக் கையெழுத்தோடு புஷ்பத்தின் நட்டஈட்டு வழக்கு முடிந்தது. எச்சரித்த பிறகும் செய்தாள் என்றால் யார் என்ன கொடுப்பார்கள்? டொத்தோரே மூன்றுமுறை தோடம்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்றுமுறையும் புஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வேலைக்காரிதானே, செத்தாலென்ன எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அண்ணை இந்த மனிசன்! நாசமாப் போவான்!" என்று அழுதார். நான் கட்டிலடியில் நின்று தலையாட்டினேன். ஆமாம்... தலையாட்டினேன்.

ஒரு பூட்டுப் போட்டிருக்கலாமே அவர், தட்டுகளைப் பரப்பிவிட்டுப் போகலாமா என்று இந்த இரண்டு வருடமும் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வாதம் சரிதான். ஆனால் அவர் சந்தையில் நின்று அழுகிறார். நான் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"சொல்லுங்கோ அண்ணை" என்றார் புஷ்பம். "என்னத்தைச் சொன்னவர்?"

தேநீர் ஆறிவிட்டது. மேசையில் அந்த மூடியில்லாத சீனிப் போத்தல். இனி எதைச் சுருக்குவது?

சொன்னேன். தட்டிலிருந்து எடுக்கக்கூடாது என்பதிலிருந்து கையைக் கழுவவேண்டும் என்பதுவரை, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். போத்தலில் கூடவே கூடாது என்ற இடத்தில் அவருடைய கையைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. பொலிஸ்காரரின் தாளில் வைத்த கையெழுத்தையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கோப்பையை எறிந்தால்கூட நல்லது என்று நினைத்தேன். புஷ்பம் தன் இடது கையை மேசையில் வைத்து, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவும் சொன்னவரோ..." என்றார். "பாவம் அந்த மனிசன். ரெண்டு வருசமா அவரையெல்லோ நான் திட்டிக்கொண்டிருந்தனான்."

எழுந்தார். நான் குடிக்காத தேநீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். சீனிப் போத்தலின் வாயில் பொலித்தீனைப் போட்டு, ரப்பர் பாண்டின் ஒரு முனையைப் பல்லால் கடித்து மெதுவாக மாட்டினார். பிறகு போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"செவ்வாய்க்கிழமை நீங்கள் வரத் தேவையில்லை. எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் காணும்."

ஒரு சொல் விடாமல் நான் மொழிபெயர்த்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் — இரண்டு வருடம் பிந்தி.