மாமி இறங்காத செட்டிபாளையம்

1. கொண்டக்டர் எங்கே?

கொண்டக்டர் வேலைக்குப் போன முதல் நாள் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. வெல்லாவெளியில் பஸ் நின்றது, ஆட்கள் வந்தார்கள், நான் மிதிபலகையில் நின்று அவர்களைப் பார்த்தேன், அவர்களும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மனிசி பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இந்த பஸ்ஸுக்குக் கொண்டக்டர் இல்லையா?" என்று கேட்டா. நான் பின்பக்கம் கையைக் காட்டிவிட்டு, அவ ஏற வழிவிட்டு நின்றேன்.

அதற்கு முன் நான் உன்னிச்சைப் பக்கம் ஒரு நெல்லு ஆலையில் வேலை செய்தேன். அந்த இரைச்சலுக்குள் முதலாளியே கையால்தான் கதைப்பார். என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கூட, ஆறாம் வகுப்பில் எழும்பி நின்று வாசிக்க வேண்டும் என்று யாரோ சொன்னது ஒரு காரணம்.

கல்யாணம் முடித்ததும், எங்கள் வழக்கப்படி பெண்வீட்டோடு குடிவந்தேன். வெல்லாவெளிக்குப் பக்கத்து ஊர். அங்கே ஆலை இல்லை. மாமனார் தனக்குத் தெரிந்த பஸ் முதலாளி ஒருவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெல்லாவெளிக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுகிற தனியார் பஸ். முதலாளி களுவாஞ்சிகுடிக்காரர், கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை.

"பொடியன் எப்பிடி?" என்று கேட்டார்.

"தங்கமான பொடியன். வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார்" என்றார் மாமனார். மருமகனைப் புகழ்வதாகத்தான் அவர் நினைத்தார்.

முதலாளியின் முகம் மாறியது. இருந்தாலும் எடுத்துக்கொண்டார்.

வேலையில் பாதி எனக்கு லேசாக இருந்தது. பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும், இரண்டு தட்டினால் போகும். பயணக்காசுக்குக் கையை நீட்டினால் தருவார்கள், தோளில் தொங்குகிற பேக்கில் போட்டுக்கொள்வேன். கூப்பிடுவதுதான் முடியாமல் இருந்தது. தனியார் பஸ்ஸுக்குச் சத்தம்தான் பாதி டீசல். கொண்டக்டர் ஊர்ப்பேர்களைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஆட்கள் ஓடிவந்து ஏறுவார்கள். நான் கூப்பிடாததால் எங்களுக்கு முன்னால் போகிற அரசாங்க பஸ் ரோட்டைத் துடைத்துக்கொண்டு போகும். பின்னால் நாங்கள் காற்றை ஏற்றிக்கொண்டு போவோம்.

பஸ்ஸை ஓட்டியவர் காத்தான்குடி ஜவாத் காக்கா. காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். நல்ல மனிதர். "தம்பி, நீ கொண்டக்டரா இல்லாட்டி பஸ்ஸுக்கு நேர்ந்து விட்ட ஆளா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். அதற்கும் சத்தம் வராது.

2. குசினியில் போட்ட தந்தி

இனி நடந்தது விளங்க வேண்டுமானால் எங்கள் வீட்டு நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. கோபம் ஒன்றும் இல்லை, அது மரியாதை. மற்ற வீடுகளில் இப்போது கொஞ்சம் தளர்ந்துவிட்டது. என் மாமி அதில் ஒரு நூல் விலகமாட்டா. நான் முன்னால் நிற்பேன். மாமி என் மனைவி யோகாவிடம், "புள்ள, அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு" என்பா. நான் யோகாவிடம், "வேணும் எண்டு சொல்லு" என்பேன். யோகா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் ஊற்றுவா. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

செட்டிபாளையத்தில் மாமியின் தங்கச்சி புது வீடு கட்டிக் குடிபூரல் வைத்தா. பகல் சாப்பாட்டுக்குத் தயிர் மாமியின் பொறுப்பு. முதல் நாள் மாமி குசினியில் சமைத்துக்கொண்டே யோகாவிடம் சொல்லியிருக்கிறா: "நாளைக்கு அவர்ட பஸ்லதான் போறன். செட்டிபாளையம் சந்தியில இறக்கிவிடச் செல்லு."

மாமியின் வாயில் சொல்லு எப்போதும் செல்லுதான். "ஓம்" என்று சொன்ன யோகா மறந்துவிட்டா. தந்தி குசினியோடு நின்றுபோனது.

காலையில் மாமி புதுச்சேலை உடுத்து, தயிர் உறைந்த மண் முட்டிகளை ஒரு ஓலைக் கடகத்தில் அடுக்கிக்கொண்டு ஏறினா. நான் கடகத்தைத் தூக்கி வைத்தேன். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? இவ்வளவு தயிரும் டவுணுக்காக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பட்டிருப்புப் பாலம் தாண்டினோம். களுவாஞ்சிகுடியில் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வந்தவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அரசாங்க பஸ் முன்னால் போயிருந்தது. ஏற ஆள் இல்லை. பஸ்ஸில் மாமி, நான், முன்னுக்கு ஜவாத் காக்கா, அவருடைய பாட்டு. மாமிக்கு முகம் காட்டி நிற்பது சரியில்லை என்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு மிதிபலகையில் நின்றேன்.

செட்டிபாளையம் சந்தி வந்தது. போனது.

அந்த நேரம் மாமி என்ன நினைத்தா என்பதைப் பிறகு யோகா சொல்லித்தான் அறிந்தேன். மருமகனுக்குச் சொல்லியாயிற்று, அவர் இன்னும் நிற்பாட்டவில்லை என்றால் அதற்கு ஏதோ நியாயம் இருக்கும், அவரை முந்திக்கொண்டு தட்டினால் மரியாதை இல்லை என்று இருந்திருக்கிறா. நான் திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மரியாதையும் சேர்ந்து குருக்கள்மடத்தையும் தாண்டிவிட்டன.

அதன் பிறகு மாமி தயிர் முட்டியோடு கதைக்கத் தொடங்கினா.

"முட்டியே, நம்மள எங்க கொண்டுபோறாங்களோ தெரியா. அங்க சோறு வெந்திரிக்கும். தங்கச்சி வாசலப் பாத்துக்கிட்டு நிப்பாள். நீ ஒண்டும் யோசியாத. உன்னப் பிரை குத்தினது நான், உன்ட விதிய எழுதினது நான் இல்ல."

கண்ணாடியில் பார்த்த ஜவாத் காக்கா பாட்டை நிற்பாட்டினார். பஸ்ஸையும் ஓரமாக நிற்பாட்டினார்.

"தம்பி, அந்த மனிசிக்கு என்ன? முட்டிக்கிட்ட கதைக்கிறா."

"அது மாமி" என்றேன்.

"ஆர்ட மாமி?"

"என்ட."

"அப்ப என்ன எண்டு கேளன்."

நான் நிலத்தைப் பார்த்தேன். ஜவாத் காக்கா என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார். எழும்பி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"மாமி, எங்க இறங்கணும்?"

"செட்டிபாளையத்துல எண்டு அவருக்குச் செல்லுங்க."

"தம்பி, செட்டிபாளையமாம்."

"தெரியாது எண்டு சொல்லுங்க காக்கா" என்றேன்.

"தெரியாதாம் மாமி."

"புள்ளைக்கிட்டச் செல்லி விட்டன் எண்டு செல்லுங்க."

"யோகா சொல்லல்ல எண்டு சொல்லுங்க."

ஜவாத் காக்கா தலைத்தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "மாமி, இஞ்ச இறங்கி மறுபக்கத்து பஸ்ல போறீங்களா?"

"இந்தக் கடகத்த வச்சிக்கிட்டு நடுரோட்டுல நிக்க ஏலா. இந்த பஸ் திரும்பித்தானே வரும். அவர் எங்க இறக்குறாரோ அங்க இறங்குறன் எண்டு செல்லுங்க."

எனக்கு மிதிபலகையோடு ரோட்டில் உருண்டுவிடலாம் போல இருந்தது.

3. பேக்கைக் குடுத்துட்டு இறங்கு

மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில் முதலாளி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். வெறும் பஸ் வந்து நின்றதைப் பார்த்தார். உள்ளே ஒரு மனிசி, ஒரு கடகம்.

"இது பஸ்ஸா, தயிர் வண்டியா?" என்றார். "கூப்பிடுடா. என்ட கண்ணுக்கு முன்னால ஒருக்காக் கூப்பிடு."

நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? பக்கத்து பஸ் பொடியனப் பார். அவன் கூப்பிடுற சத்தத்துக்கு எனக்கே ஏறிப்போகலாம் போல இருக்கு."

கடைசியில் ஜவாத் காக்காதான் சீட்டிலிருந்து தலையை வெளியே போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். பஸ் ஓரளவு நிரம்பியது. முதலாளியும் ஏறி முன் சீட்டில் இருந்தார்.

"கேட்டுக்கொள். களுவாஞ்சிகுடி போறதுக்குள்ள உன்ட சத்தம் என்ட காதுல விழணும். விழாட்டி பேக்கக் குடுத்துட்டு அங்கேயே இறங்கு. மாமாவுக்கு நான் சொல்லிக்கொள்றன்."

மாமிக்கு இது முழுவதும் கேட்டது. மாமி முட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா. நான் கல்யாணம் கட்டி இரண்டு மாதம் ஆகவில்லை. வேலை இல்லாமல் மாமனார் வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது?

கல்லடிப் பாலத்தில் ஒருமுறை முயன்றேன். இருமல் வந்தது. ஆரையம்பதியில் முயன்றேன். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஒருவர் நான் கொட்டாவி விடுகிறேன் என்று நினைத்து, "ராத்திரி நித்திரை இல்லையோ தம்பி?" என்று கேட்டார். தாளங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம் எல்லாம் தட்டிலேயே போயின. முதலாளி ஒவ்வொரு ஊருக்கும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்.

செட்டிபாளையம் நெருங்கியது. மாமிக்குப் பக்கத்தில் இருந்த மனிசி சொன்னா: "சந்தி வருகுது, எழும்பல்லியா?"

மாமி கடகத்தை இறுக்கிப் பிடித்தா. "கொண்டக்டர் ஊர்ப்பேர் செல்லட்டும். செல்லாம நான் இறங்கமாட்டன்."

"தயிர் புளிச்சிரும் அக்கா."

"புளிக்கட்டும்."

அதைச் சொன்ன குரல் பஸ் முழுவதும் கேட்டது. எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஜவாத் காக்கா வேகத்தைக் குறைத்தார். ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது.

"என்ன மெதுவாப் போறாய்?" என்றார் முதலாளி.

"கியர் பிடிக்குது முதலாளி."

"அது நேத்துத் திருத்தின கியர்."

"இண்டைக்கும் பிடிக்குது முதலாளி."

காலையில் ஒருமுறை இந்தச் சந்தியைத் தாண்டிப் போனோம். இன்னொருமுறை போனால் குடிபூரல் வீட்டில் தயிர் இல்லை, எனக்கு வேலை இல்லை. மாமியிடம் "இறங்குங்க" என்று சொல்லவும் முடியாது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமியிடம் சொல்லத்தான் முடியாது. பஸ்ஸிடம் சொல்லலாமே. பஸ் முழுவதற்கும் பொதுவாகச் சொன்னால் அது ஒருவரோடும் கதைத்ததாகாது. கேட்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் மேலே இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டு கத்தினேன்.

"செட்டிபாளையம்! செட்டிபாளையம் இறங்குற ஆக்கள் எல்லாரும் இறங்குங்க. தயிர் முட்டி கொண்டுவந்த ஆக்கள் கவனமா இறங்குங்க. புதுச்சேலை உடுத்த ஆக்கள் படியில கால் தடக்காம இறங்குங்க."

நெல்லு ஆலைக்குள் எத்தனையோ நாள் அடைத்து வைத்திருந்த சத்தமாக்கும். முதலாளியின் கையிலிருந்து குடை விழுந்தது. பின்னால் இருந்த ஒருவர், "எங்களுக்குத் தயிர் இல்ல தம்பி, நாங்க இருக்கவா இறங்கவா?" என்று கேட்டார். பஸ் முழுவதும் சிரித்தது.

மாமி சிரிக்கவில்லை. ஒரு அரச விருந்தாளி மாதிரி எழும்பினா. நான் கடகத்தை இறக்கி வைத்தேன். மாமி சந்தியில் நின்று, பஸ்ஸைப் பார்த்து, என்னைப் பாராமல், "நல்ல வெளங்குற சத்தம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு எனக்கு நிற்பாட்டத் தெரியவில்லை. களுதாவளையைக் கூப்பிட்டேன். அதற்கு அங்காலே இருந்த கோயிலைக் கூப்பிட்டேன், ஒரு மதகைக் கூப்பிட்டேன். களுவாஞ்சிகுடியில் முதலாளி இறங்கும்போது, "காணும் மனே, நிப்பாட்டு. மதகுல இறங்க ஆள் இல்ல" என்றார். பேக்கைக் கேட்கவில்லை.

4. பொதுவாகச் சொல்வது

அந்த பஸ்ஸில் தொடங்கி இன்றுவரை இந்த ரோட்டில்தான் நிற்கிறேன். இப்போது வேலைக்கு வருகிற பொடியன்களில் சிலருக்கும் என்னைப் போல் கூச்சம் இருக்கிறது. கூச்சம் போனால்தான் சத்தம் வரும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். என் கூச்சம் போகவில்லை. இன்றும் ஒரு கடையில் போய் ஒரு கட்டி சவர்க்காரம் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் மிதிபலகையில் நின்று கூப்பிடும்போது நான் யாரோடும் கதைக்கவில்லை. ஊர்ப்பேரைக் காற்றில் விடுகிறேன், தேவையானவர் பிடித்துக்கொள்கிறார். அந்த வித்தியாசம் பிடிபட்டால் எவரும் கொண்டக்டர் ஆகலாம்.

மாமியும் நானும் இன்னும் நேரே கதைத்ததில்லை. ஆனால் மாமி என்னிடமிருந்து இந்த முறையை எடுத்துக்கொண்டா. யோகா வீட்டில் இல்லாத நாளில் நான் பகல் வந்தால், மாமி முற்றத்தில் இறங்கி நின்று வயல் வட்டைப் பக்கம் பார்த்து, "சோறு கிடக்கு. மீன் ஆணம் கிடக்கு. பசிக்கிற ஆக்கள் வந்து திண்ணலாம்" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுவா. ஊரில் இதுவரை வேறு யாரும் வந்ததில்லை. நான் கையைக் கழுவிக்கொண்டு போய் இருப்பேன்.