குருசோ எல்லையில் மாப்பிள்ளைத் தோழன்

1986 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கு டென்மார்க்கின் ஹேர்னிங்கிலிருந்து பழைய ஒப்பல் காரில் புறப்பட்டோம். ஓட்டியவர் சிவநேசன், மறுநாள் எனக்குத் தாலி கட்டப்போகிறவர். கல்யாணத்துக்கு முதல்நாள் பெண் ஊர் சுற்றலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: அண்ணன் வராமல் எனக்குக் கல்யாணம் இல்லை. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி அழைத்துவரும் தோழன்.

நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடி, எல்லை தாண்டி, பதினொரு மணிக்கு ஜெர்மனியின் பிளென்ஸ்பேர்க் ரயில் நிலையத்தில் குமரன் அண்ணையை ஏற்றிக்கொண்டோம். அவர் அங்கே அகதி. கையில் என் கல்யாணத்துக்கென்று வாங்கிய மூன்று நாள் டென்மார்க் விசா. அங்கிருந்து டென்மார்க்கின் குருசோ எல்லைச் சாவடி பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை.

ஜெர்மனியில் மலிவாக வாங்கிய பியர்ப் பெட்டிகளோடு திரும்பிய டேனிஷ்காரர்களின் கார்கள் நிற்காமலே போயின. எங்களை மட்டும் ஓரங்கட்டினார்கள். அந்த இலையுதிர்காலத்தில்தான் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள், நாட்டின் பாதுகாப்புக்காம்! அண்ணையையும் என்னையும் தனித்தனி அறையில் இருத்தித் தகப்பன் பெயர் கேட்டார்கள். நான் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் தன் அப்பாவின் பெயரைச் சொன்னார்.

"சகோதரன் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய்," என்றார் அதிகாரி.

"பொய்யில்லை. பெரியப்பாவின் மகன். எங்களுக்கு அவர் அண்ணன்தான்."

"இங்கே அப்படி இல்லை."

அண்ணையின் விசாவுக்கு நான் விண்ணப்பத்தை நிரப்பியபோது வேறெதையும் எழுதலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. விசாவை ரத்துச் செய்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ. நான் திரும்பிப் போறன்," என்றார் அண்ணை.

"சும்மா இருங்கோ அண்ணை," என்றேன். சிவநேசனைப் பார்த்து, "காரைத் திருப்புங்கோ," என்றேன். எங்கள் இருவருக்கும் இரு பக்கமும் போய்வர அனுமதி இருந்தது.

ஜெர்மன் பக்கத்தில், ஒரு பியர்க் கடை வாசலில் நிறுத்தினோம்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றேன் சிவநேசனிடம்.

"இந்தக் குளிருக்கையோ? நாளைக்கு மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சா என்னட்டைக் கேக்கக்கூடாது," என்றபடி சிவநேசன் காலுறையையும் கழற்றினார். ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, அண்ணை குனிந்து அவர் கால்களைக் கழுவினார். கால் கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவது முறை; சிவநேசன் தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அண்ணைக்குப் போட்டார். பெட்டி சுமந்து வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் ஹேர்னிங் மண்டபத்தில் தோழனாக நிற்க நாலைந்து பேர் முன்வந்தார்கள். செம்போடு வந்தவரைச் சிவநேசன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ர மச்சான் நேற்றே கழுவிப்போட்டார்," என்று சொல்லிவிட்டு மணவறைக்குத் தனியாக நடந்துவந்தார்.